புறங்கை விளக்கு

என் பையனுக்கு ஸ்கூபா மோகம். புதுச்சேரிக் கடலில் இரவிலும் இறங்குவான். டார்ச்சைக் கையில் பிடித்தால் வேறு வேலை ஓடாதே! புறங்கையில் மாட்டும் விளக்கைத் தானே செய்தான். அலுமினியக் குழாய், எல்.இ.டி., லித்தியம் பேட்டரி, மாட்டிக்கொள்ள வளைத்த பட்டை. விரல்களுக்கு விடுதலை!

"தண்ணி உள்ளே போகாதாடா?" என்றேன்.

"நம்ம குக்கர் காஸ்கெட் மாதிரிதாம்மா" என்று ஒரு ரப்பர் வளையத்தைக் காட்டினான்.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காம். வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் கசியும். உப்புத் தண்ணீர் பட்டால் லித்தியம் பேட்டரி வெடிக்கவும்கூடும். அதனால் முதலில் பேட்டரி போடாமல், உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து, கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கிப் பார்த்தான். காகிதம் நனையவில்லை.

நீருக்கடியில் விளக்குதான் வாய். வெளிச்சத்தால் வட்டம் போட்டால் 'நலம்'. இடமும் வலமுமாய் வேகமாக வீசினால் 'ஆபத்து'. அது அணைந்தால் பேச்சே போச்சு! ஆகவே இன்னொரு டார்ச்சும், கூட ஒரு ஆளும் கட்டாயம்.

வளையத்தைத் துடைத்து, உற்றுப் பார்த்து, சிலிகான் கிரீஸ் தடவுவது இப்போது என் பொறுப்பு. 'போகாதே' என்றால் கேட்கிற வயசா? முடி ஒட்டாமல் பார்த்து அனுப்பலாமே, சகோதரிகளே!