தனி

எங்கள் தெருவில் 'தனி' என்ற சொல்லை நல்ல அர்த்தத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தனி கிளாஸ், தனிக் குளம், தனிச் சுடுகாடு. பள்ளிக்கூடத்தில் எங்க அப்பாவைத் தனியாகத்தான் உட்கார வைத்தார்கள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வாக்கப்பட்ட என் அக்கா ஒருநாள் போனில், "தம்பி, பயலுக்குத் தனிநபர் கல்வித் திட்டம்னு ஒண்ணு போடணுமாம்" என்றதும் எனக்குச் சுரீரென்றது. "தனியா எங்க உக்கார வைக்கப் போறாங்களாம்?" என்று சண்டைக்குப் போகிற குரலில் கேட்டேன்.

பயலுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தண்ணீர் ஓடுவதை மட்டும் மணிக்கணக்காகப் பார்ப்பான். நாகூருக்கும் போனார்கள், வேளாங்கண்ணிக்கும் போனார்கள். ஊர் வாய் 'கிறுக்கு' என்றது. ஆட்டிசம் என்று ஒரு டாக்டர் சொல்வதற்குள் அஞ்சு வயசு முடிந்துவிட்டது.

1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அநேகமாகப் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். வெகுகாலம் இது அப்படிப்பட்ட வீட்டுச் சங்கதி என்றே நினைத்தார்கள். டாக்டரிடம் போக முடிந்தவன் பிள்ளைதானே கணக்கில் வரும்? நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் கிடையாது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

சான்றிதழுக்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 40 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கண்ணைப் பார்க்கிறானா என்பதும் அதில் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. அவர் பண்ணையாள். ஆண்டை முகத்தை நிமிர்ந்து பார்த்தால் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்த தஞ்சாவூர்ச் சீமை. அவருடைய கொள்ளுப்பேரனுக்குக் கண்ணைப் பார்க்காததற்கு மார்க் போடுகிறார்கள். அளவுகோலைக் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் சான்றிதழ் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன முடியும், அடுத்த சில மாதத்தில் எதைக் கற்க வேண்டும், யார், எப்படிக் கற்பிப்பது என்று பெற்றோரையும் வைத்துக்கொண்டு எழுதுவதுதான் தனிநபர் கல்வித் திட்டம். முதலில் வந்த தாளைப் பார்த்தேன். ஜெராக்ஸ். வேறொரு பிள்ளையின் பெயரை வெள்ளை மையால் அழித்திருந்தது. 'ஷூ லேஸ் கட்டுவான்' என்பது இலக்கு. பயலுக்குச் செருப்பே கிடையாது. தாய் தினமும் காலை அரைமணி நேரம் பயிற்சி தர வேண்டுமாம். "ஆறு மணிக்கு நடவுக்குப் போவணும். எனக்காக மத்த ஆளுவோ காத்துக்கிட்டா நிப்பாளுவோ?" என்றாள் அக்கா.

பிறகு வேறொரு சிறப்பாசிரியர் வந்தார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, பயலுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். "தண்ணி. வேறென்ன." அதையே எழுதினார். செம்பால் மொண்டு குடத்தில் ஊற்றி எண்ணுவது, குழாயடியில் தன் முறை வரும்வரை நிற்பது. ரயில், கேக் படங்களை எடுத்துப் போட்டுவிட்டு, அக்கா வீட்டுச் செம்பையும் வாளியையும் செல்போனில் படம் பிடித்து அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். நாலு மாதம் கழித்து ஒருநாள் அவனாகவே செம்புப் படத்தைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்திருக்கிறான். "எங்கிட்டக் கேட்டாண்டா தம்பி" என்று போனில் அழுதாள்.

அந்த ஆசிரியர் தொகுப்பூதியக்காரர். பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று 2024-இல் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா பணத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2,152 கோடி என்றார்கள். டெல்லி நிறுத்தினால் எங்கள் திண்ணைக்கு ஆள் வருவது குறைகிறது. பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் ஊர்வலம் போன நம் மேடைகளில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

சொல்லக் கூசுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், அக்கா வேலைக்குப் போகும்போது அவனைப் பழைய புடவையால் தூணில் கட்டிவிட்டுத்தான் போவாள். தண்ணீரைக் கண்டால் அவன் கால் நிற்காது. இடுப்பில் தழும்பு இருக்கிறது.

புதுத் தாள் எழுதுகிற அன்றைக்கு நானும் போயிருந்தேன். 'பெற்றோர் விருப்பம்' என்ற இடம் காலியாக இருந்தது. என்ன எழுத என்று கேட்டேன். அக்கா யோசிக்கவேயில்லை.

"வாய்க்கா கரையில, நில்லுன்னா நிக்கணும். அதை மொதல்ல எழுது."