நோட்டின் ஓரம்

சென்னை சடையங்குப்பத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். வந்துபோகும் பெட்டிகளின் டாலி எழுதுபவர்களிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு டேப்லெட்டைக் கொடுத்த நாளில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. எல்லாரையும் கேட் பக்கம் நிற்கவைத்துப் பத்தே நிமிஷத்தில் விளக்கினேன். பழைய நோட்டுகளை அன்றைக்கே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர்களில் மூத்தவருக்கு அப்போது 57 வயது. எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி. முதல் வாரம் முழுக்க, அவர் பெட்டி நம்பரைப் பதிந்தபோதெல்லாம் டேப்லெட் சிவப்பே காட்டியது. "முப்பது வருஷமா பொட்டி நம்பர் எழுதினுகீறேன், இது என்னத் தப்புன்னுது தம்பி" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அவருடைய அப்பா ராயபுரத்திலிருந்து துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர். 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது. மூட்டையாக வந்த சரக்கு பெட்டிக்குள் போகப் போக, கொக்கியும் கையுமாக நின்ற கேங்குகளுக்கு வேலை குறைந்தது. அந்த வீட்டில் வளர்ந்தவரிடம் "இது சுலபம்ண்ணே" என்று சொன்னால் எப்படிக் காதில் ஏறும்?

ஒரு ராத்திரி ஷிஃப்ட்டில், டிரெய்லர் வராத நேரமாகப் பார்த்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து விளக்கினேன். பெட்டிக் கதவில் நான்கு எழுத்து, ஆறு எண், அதற்கப்புறம் கட்டம் கட்டி ஒற்றை எண் ஒன்று இருக்கும். அந்தக் கட்டத்து எண் முன்னால் இருப்பவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது. ஏ என்றால் 10, பி என்றால் 12. பதினொன்றின் மடங்குகளை விட்டுவிட்டு இசட் வரை போகும். முதல் இடத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், பிறகு நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தை 512-ஆல் பெருக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும். மீதி பத்து வந்தால் சுழியம்.

சிஎஸ்க்யூயு 305438 என்ற நம்பரை ஸ்லிப்பின் பின்பக்கம் எழுதினோம். கூட்டினால் 6185, மீதி 3. அடுத்து, 54 இருக்கும் இடத்தில் 45 என்று மாற்றி எழுதச் சொன்னேன். மீதி 1 வந்தது. ஸ்லிப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ இது என்னத் திட்டல. நம்பர சரிபாக்குது" என்றார்.

அதோடு முடிந்தது என்று எழுந்தேன். அவர் விடவில்லை. "நோட்டு ஓரத்துல எழுதுவேனே, அது இதுல எங்க போவும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஆபீஸில் அந்த நோட்டுகளைத் தேடி எடுத்தேன். ஓரங்களில் பொடி எழுத்தில் குறிப்புகள்: தரைப்பலகையில் ஆணி தூக்கி நிற்கிறது, உள்ளே மருந்து வாடை, கூரையில் வெளிச்சம். அண்ணன் காலிப் பெட்டிக்குள் போய் இரண்டு கதவையும் மூடச் சொல்லி, இருட்டில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி அரிசிக்கோ நூலுக்கோ ஆகாது, மழைத் தண்ணீர் இறங்கிவிடும். டேப்லெட்டில் இதற்கெல்லாம் ஒரு கட்டம்கூட இல்லை. நோட்டைப் பிடுங்கியபோது நான் பிடுங்கியது இதையும்தான்.

வேலையை மாற்றும்போது தொழிலாளியையும் கணக்கில் எடுக்கும் வழக்கம் புதிதல்ல. வேலை நிலைமையை மாற்றுவதற்கு முன் 21 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று 1947-ஆம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவு இருந்தது. ஆளைக் குறைக்கக்கூடிய இயந்திர மாற்றமும் அந்தப் பிரிவுக்குள் வந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இருந்த துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960-இல், இயந்திரங்களுக்கு வழிவிட்டு அதற்கு ஈடாக வேலைப் பாதுகாப்பும் ஓய்வு நிதியும் வாங்கிக்கொண்டது. எங்கள் டேப்லெட் யார் வேலையையும் எடுக்கவில்லை. எந்தச் சட்டமும் என்னிடம் நோட்டீஸ் கேட்டிருக்காது. ஆனால் அந்த 21 நாளை நானாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம். அந்த நாட்களில் அவர்களுடைய நோட்டைப் படித்திருக்கலாம்.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். டேப்லெட்டும் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும் என்றேன். ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதுவதா என்று மேலே கேட்டார்கள். ஓரக் குறிப்புகளை ஒரு தாளில் தொகுத்துக் காட்டினேன். சில வாரங்களில் டேப்லெட்டில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் வந்தது. அது வந்த பிறகுதான் அண்ணன் நோட்டைத் தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

இப்போது புதுப் பையன்கள் சேர்ந்தால் முதல் நாள் அவரிடம்தான் அனுப்புகிறேன். டேப்லெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலிப் பெட்டிக்குள் கூட்டிப்போவார். "கதவ சாத்து. உடனே பாக்காத, கண்ணு இருட்டுக்குப் பழவட்டும்" என்பது வெளியே நிற்கும் எனக்கும் கேட்கும்.