வோலரும் லீபிக்கும்

பதினோராம் வகுப்பில் மாற்றியம் நடத்தும்போதெல்லாம் எனக்கு அந்த இருவரின் வழக்குதான் நினைவுக்கு வரும். பாடநூல் வரையறையோடு நிறுத்திக்கொள்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சிநேகிதம் இருக்கிறது.

1820-களின் நடுவில் வோலரும் லீபிக்கும் இருபதுகளில் இருந்த ஜெர்மானிய வேதியியலாளர்கள். லீபிக் ஆராய்ந்தது வெள்ளி ஃபல்மினேட். லேசாக உரசினாலே வெடித்துவிடும். வோலரின் வெள்ளி சயனேட்டோ பரம சாது. இரண்டிலும் வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் அதே அளவில் இருந்தன. இயைபு ஒன்றானால் பொருளும் ஒன்றே என்று நம்பிய காலம் அது. வோலரின் அளவில்தான் பிழை என்றார் லீபிக். கடைசியில் இருவர் அளவும் சரி என்று தெரிந்தது. லீபிக் அதை ஏற்றுக்கொண்டார். வழக்கு முடிந்த இடத்திலேயே நட்பு தொடங்கிவிட்டது. ஒரே இயைபில் இரு வேறு பொருள்கள் என்ற அந்தப் புதிருக்கு 1830-இல் வேதியியலாளர் பெர்சிலியஸ் சூட்டிய பெயர்தான் மாற்றியம்.

1832-இல் வோலரின் மனைவி இறந்துபோனார். காசெல் நகரில் ஒடுங்கிக் கிடந்தவரை, தன் ஆய்வகம் இருந்த கீசெனுக்கு வரச்சொன்னார் லீபிக். துக்கம் விசாரித்ததோடு விடாமல், ஆய்வகத்தில் தன் பக்கத்திலேயே நிறுத்தி வேலை கொடுத்தார். கையில் எடுத்தது கசப்பு வாதுமை எண்ணெய். குளோரினோடு சேர்த்தார்கள், அம்மோனியாவோடு சேர்த்தார்கள். பொருள் மாறிக்கொண்டே போனது. உள்ளே ஒரு கொத்து மட்டும், இன்றைய கணக்கில் கார்பன் ஏழு, ஹைட்ரஜன் ஐந்து, ஆக்சிஜன் ஒன்று, குலையாமல் கைமாறிக்கொண்டிருந்தது. அதுதான் பென்சாயில் தொகுதி. கரிம வேதியியலுக்கு ஒரு வழி திறந்த அந்தக் கட்டுரை இரண்டு பெயரிலும் வெளிவந்தது. ஆறுதல் சொல்ல இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

லீபிக் முன்கோபி, எதிர்க் கருத்து சொன்னவர்களோடு அச்சிலேயே மல்லுக்கு நிற்பார். வோலர் நிதானஸ்தர். 1900-இல் நாம் இருவரும் கரியமில வாயுவும் நீரும் அம்மோனியாவுமாகக் கரைந்திருப்போம், யாரோடு சண்டை போட்டாய் என்று அப்போது எவர் கேட்கப்போகிறார் என்ற பொருளில் 1843-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். லீபிக் திருந்தியதாகத் தெரியவில்லை. பெர்சிலியஸோடும் முறித்துக்கொண்டார். அந்தப் பெர்சிலியஸ் வோலரின் குரு. அவருடைய ஆண்டறிக்கைகளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் வோலர்தான். லீபிக்கைச் சாடும் பக்கங்களையும் அவரே பெயர்க்க நேர்ந்தது. குருவையும் விடவில்லை, நண்பரையும் விடவில்லை. 1873-இல் லீபிக் மறையும் வரை அவர்களிடையே கடிதங்கள் போய்வந்துகொண்டே இருந்தன.