கற்பிட்டி வரை சைக்கிளில்

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து படகில் வந்து நாங்கள் இறங்கிய கரை கற்பிட்டி. அப்போது எனக்கு 12 வயது. அதன் பின்னர் புத்தளத்து முகாம் வாழ்க்கையில் சைக்கிள் என்றால் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும்தான். சுமை எதுவுமின்றி, ஊர் பார்ப்பதற்காக மட்டும் சைக்கிளில் போகும் ஆசை கடந்த யூலையில்தான் நிறைவேறியது. பக்கத்து வீட்டு ராத்தாவும் என்னோடு வந்தார்.

புத்தளத்திலிருந்து கற்பிட்டி ஏறக்குறைய 45 கிலோமீற்றர். பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்பினால் உப்பளங்கள். பின்னர் வீதி குடாநாட்டின் வழியே வடக்கே செல்கிறது. நுரைச்சோலையில் 2011 இல் திறக்கப்பட்ட அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். மரக்கறித் தோட்டங்கள், தலவில் புனித அன்னாள் ஆலயத்துக்குப் பிரியும் பாதை, முடிவில் கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டை.

வழியில் ஏற்றமே இல்லை. ஆனால் காற்று இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து பலமாக வீசும். வடக்கே போகும்போது அது முதுகைத் தள்ளியது. அதை எங்கள் பலம் என்று எண்ணி வேகமாக மிதித்தோம். கற்பிட்டிக் கரையில் நின்றபோது படகில் உம்மாவின் மடியில் இருந்தது நினைவுக்கு வந்தது. நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

திரும்பும்போது உச்சி வெய்யில். அதே காற்று முகத்தில் அடித்தது. மாம்புரிக்கு அருகில் என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. போத்தலில் தண்ணீரும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்த ஒரு பெண் தண்ணீர் தந்து நிழலில் இருத்தினார். உருட்டியும் மிதித்தும் வீடு சேர இரவாகிவிட்டது.

சகோதரிகளே, நீங்களும் புறப்படுவதானால் இவற்றைக் கவனியுங்கள். விடியலோடு கிளம்பி, வெய்யில் ஏறுமுன் போய்ச் சேருங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம். அரை மணிக்கொரு தடவை தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். ஒரு போத்தலில் உப்பும் சீனியும் தேசிக்காய்ச் சாறும் கலந்து வைத்திருங்கள். பாதிப் பலத்தைத் திரும்பி வருவதற்கென்று மிச்சம் வையுங்கள். முடிந்தால் கற்பிட்டியில் ஓர் இரவு தங்குங்கள்.

அபாயா, சால்வை நுனிகள் சில்லில் சிக்காதபடி ஊசி குத்துங்கள். லொறி வரும்போது ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். வீதியில் மணல் படிந்த இடத்தில் சடுதியாக பிரேக் பிடிக்காதீர்கள். பம்மும் ஒட்டுப் போடும் சாமானும் கையில் இருக்கட்டும். புத்தளத்துக்கு வடக்கே வில்பத்துக் காட்டுப் பாதையில் யானைகள் உண்டு. சைக்கிளில் அங்கே போகவேண்டாம்.

விபத்தென்றால் 1990 என்ற எண்ணை அழையுங்கள். இலவச அம்பியூலன்ஸ் வரும். நாம் ஊரைவிட்டு வந்த ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது.

ராத்தா மீண்டும் போகலாம் என்கிறார். இம்முறை மெதுவாகப் போவோம்.