ஓரடியில் ஒரு வானம்

வானத்தை நம்பி வாழ்பவர் பலர். உழவர் கார்முகிலை நோக்கி நிற்பர். மீனவர் காற்றின் திசையறிந்து கட்டுமரத்தைக் கடலில் தள்ளுவர். அவர்கள் தாம் நிற்கும் இடத்து வானத்தைத் தம் கண்ணாலேயே கண்டு அறிவர். விமானியின் நிலை அத்தகையதன்று. அவர் புறப்படும் ஊரில் வெயில் எறிக்கலாம். சென்று இறங்க வேண்டிய ஊரிலோ பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். கண்ணுக்கு எட்டாத ஊரின் வானத்தை அவர் எழுத்தின் வாயிலாகவே காண வேண்டும். அவ்வெழுத்து மிகச் சுருக்கமானது. ஓரிரண்டு அடிகளுக்குள் ஓர் ஊரின் காற்றும் மழையும் முகிலும் வெப்பமும் அடங்கிக் கிடக்கும். 'மீட்டார்' என்று உலகெங்கும் வழங்கும் வானிலைக் குறிப்பு அதுவே.

குறைந்த எழுத்துகளில் நிறைந்த பொருளை அடக்குவது நூற்பா என்பர் இலக்கண நூலார். நூற்பாவுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் விளக்கவுரையும் வகுத்த உரையாசிரியர் மரபு தமிழில் நெடியது. மீட்டார் குறிப்பும் ஒருவகை நூற்பாவே. அதற்கு உரை காணும் பொறுப்பு விமானியைச் சார்ந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இலக்கண நூற்பாவுக்கு உரை பிழைத்தால் அறிஞர் மறுத்துரைப்பர். இந்நூற்பாவுக்கு உரை பிழைத்தால் உயிர்கள் மாளும்.

இத்துணைச் சுருக்கம் எதற்காக என்ற வினா எழலாம். தந்தியும் தொலை அச்சும் செய்தியைச் சுமந்த காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பொருளும் பொழுதும் செலவாயின. ஆகவே சொற்கள் குறுகின, எண்கள் மிகுந்தன. 1968-ஆம் ஆண்டில் இக்குறிப்பு முறை உலக நாடுகளுக்குப் பொதுவாக நடைமுறைக்கு வந்தது. இன்று நெடிய செய்தியையும் நொடியில் அனுப்பலாம். சுருக்கத்தை விரித்துக் காட்டும் கைக்கருவிகளும் உண்டு. எனினும் பழைய வடிவம் மறையவில்லை. தாய்மொழி எதுவாயினும் விமானிகள் அனைவருக்கும் அது பொதுமொழியாக விளங்குகிறது. எப்பொருள் எவ்விடத்தில் இருக்கும் என்பது வரையறுக்கப்பட்டிருப்பதால், தேடும் கண்ணுக்கு அது விரைவில் அகப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்து விடியற்காலை ஒன்றில், திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்பட இருக்கும் விமானி ஒருவரின் கையில் பின்வரும் குறிப்பு கிடைப்பதாகக் கொள்ளலாம். ஆங்கில எழுத்துகளை ஒலிக்கும் வண்ணம் தமிழில் எழுதினால் அஃது இவ்வாறு அமையும்:

'வி ஓ எம் எம் 020030 இசட் – 05014 கே டி – 2500 – ஆர் ஏ – பி ஆர் – எஸ் சி டி 012 – எஃப் இ டபிள்யூ 025 சி பி – ஓ வி சி 080 – 24/23 – கியூ 1006 – டெம்போ 1200 + ஆர் ஏ.'

முதல் நான்கு எழுத்துகள் சென்னை விமான நிலையத்தைக் குறிக்கும். அடுத்த எண்ணில் 02 என்பது தேதி. 0030 என்பது நேரம். அது சென்னை நேரமன்று. 'இசட்' என்னும் எழுத்து உலகப் பொது நேரத்தைச் சுட்டுகிறது. அதனுடன் ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். ஆகவே இக்குறிப்பு எழுதப்பட்டது இரண்டாம் தேதி காலை 6 மணிக்கு.

05014 என்பது காற்று. முதல் மூன்று இலக்கங்கள் திசை; அடுத்த இரண்டு வேகம். வடக்கிலிருந்து வலமாக 50 பாகை தள்ளிய திசையிலிருந்து, மணிக்கு 14 கடல்மைல் வேகத்தில் காற்று வீசுகிறது. காற்று செல்லும் திசையைச் சொல்லாமல், அது வரும் திசையைச் சொல்வதே மரபு. தமிழருக்கு இஃது எளிதில் விளங்கும். கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டோர் அவர்களல்லரோ! விமானம் காற்றை எதிர்த்தே இறங்க விரும்பும். சென்னையின் முதன்மை ஓடுபாதை ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எண்ணிடப்பட்டது. 07 என்பது ஏறத்தாழ 70 பாகை நோக்கி இறங்கும் வழி. ஆதலின் இக்காற்றுக்கு அதுவே ஏற்றது.

2500 என்பது கண்ணுக்குப் புலனாகும் தொலைவு, மீட்டர் கணக்கு. 'ஆர் ஏ' மழை. முன்னே கூட்டல் குறி இருப்பின் அது பெருமழை. கழித்தல் குறி இருப்பின் சிறுமழை. குறியின்றேல் நடுத்தர மழை. 'பி ஆர்' என்பதற்கு ஆங்கிலத்தில் பொருள் தேடுவோர் ஏமாறுவர். அது 'புரூம்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். மென்பனி என்பது பொருள். ஆலங்கட்டியைக் குறிக்கும் 'ஜி ஆர்' என்பதும் பிரெஞ்சிலிருந்து வந்ததே. பார்வைத் தொலைவு 1000 மீட்டருக்குக் குறைந்துவிட்டால் மென்பனி என்னும் பெயர் மாறி, 'எஃப் ஜி' என்னும் மூடுபனி ஆகிவிடும்.

முகிலை அளப்பதற்கு வானம் எட்டுக் கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. 1200 அடி உயரத்தில் மூன்று அல்லது நான்கு கூறுகள் முகில். 8000 அடியில் வானம் முழுதும் மூட்டம். இவ்விரண்டுக்கும் இடையே, 2500 அடியில் ஒன்றிரண்டு கூறு அளவே உள்ள முகிலுக்குப் பின்னால் 'சி பி' என்னும் இரண்டு எழுத்துகள் நிற்கின்றன. அளவிற் சிறிதென்று அதைப் புறக்கணித்தல் ஆகாது. மின்னலும் இடியும் சுழற்காற்றும் கருக்கொண்ட இடிமுகில் அது. குறிப்பு முழுவதிலும் விமானியின் கண் முதலில் தேடும் எழுத்துகள் இவையே.

24/23 என்பவற்றுள் முன்னது காற்றின் வெப்பநிலை; பின்னது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டும் நெருங்க நெருங்கக் காற்றில் ஈரம் நிறைந்துள்ளது என்பது பொருள். குளிர்நாடுகளில் இவ்வெண்ணின் முன் 'எம்' என்னும் எழுத்து வரும். அது சுழிக்குக் கீழான வெப்பநிலையைக் காட்டும். அவ்வோர் எழுத்தைக் காணாது விட்டவர், இறக்கையில் பனிக்கட்டி படியும் வானத்தை இளங்குளிர் வானமென்று எண்ணிவிடுவார்.

'கியூ 1006' காற்றழுத்தம். விமானத்தின் உயரமானி, அழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் கணக்கிடுகிறது. 1013 என்று வைத்திருந்த கருவியை 1006-க்குத் திருப்ப மறந்தால், கருவி காட்டும் உயரத்தைவிட விமானம் ஏறத்தாழ 200 அடி தாழப் பறந்துகொண்டிருக்கும். மழைத்திரைக்குள் தரையை நாடி இறங்குபவருக்கு 200 அடி என்பது சிறிய அளவன்று. இறுதியில் நின்ற 'டெம்போ' சுமைவண்டி அன்று; இரண்டு மணி நேரத்துக்குள் இடையிடையே பெருமழை பெய்து, பார்வைத் தொலைவு 1200 மீட்டராகச் சுருங்கலாம் என்னும் எச்சரிக்கை அது.

இவ்வாறு பதவுரை முடிந்தது. ஓர் எண்ணுக்குள் எத்துணைப் பொருள் அடங்கும் என்பதற்கு வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள பிளாக்சாட் என்னும் சிற்றூரில் மொரீன் ஃபிளேவின் என்னும் இளம்பெண் வானிலையை அளந்து அனுப்பும் பணியில் இருந்தார். 1944-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், அவருடைய இருபத்தொன்றாம் பிறந்த நாள், விடியுமுன் அவர் குறித்த காற்றழுத்தம் விரைந்து சரிந்துகொண்டிருந்தது. அவ்வெண் இங்கிலாந்தை அடைந்ததும், மீண்டும் சரிபார்க்குமாறு தொலைபேசியில் வேண்டுகோள் வந்தது. அவர் மீண்டும் பார்த்தார், எண் மாறவில்லை. புயல் வருகிறது என்பது அதன் பொருள். ஜூன் 5-ஆம் நாளுக்கு வகுத்திருந்த நார்மண்டிப் படையெடுப்பு மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரரின் கதியோடு தாம் அனுப்பிய எண் பிணைந்திருந்ததை அப்பெண்மணி பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தார். எழுதியவர் பிழையின்றி எழுதினார். படித்தவர் ஐயம் தோன்றியதும் திரும்பக் கேட்டார். இருவர் கடமையும் ஒருங்கே நிறைவேறியதால் அவ்வெண் பயன் தந்தது.

சென்னைக் குறிப்பைக் கையில் வைத்திருக்கும் விமானியும் பதவுரையோடு நிற்பதில்லை. மீட்டார் என்பது காலை 6 மணிக்கு இருந்த வானமே யன்றி, அவர் சென்று சேரும் பொழுது இருக்கப்போகும் வானமன்று. ஆகவே அரைமணிக்கு ஒருமுறை வரும் முந்திய குறிப்புகளையும் அவர் எடுத்து அடுக்கிப் பார்ப்பார். பார்வைத் தொலைவு 5000, 4000, 2500 எனக் குறைந்து வந்துள்ளதா? அழுத்தம் சரிகிறதா? இடிமுகில் புதிதாகத் தோன்றியதா? தனித்தனியே நின்ற எண்கள் அப்போது தொடர்ந்து பேசத் தொடங்கும். அவர் அதற்கேற்பப் புறப்பாட்டைத் தள்ளிவைப்பார். அன்றேல் பெங்களூருக்குத் திரும்பிச் செல்லவும் போதிய எரிபொருளை நிரப்பிக்கொள்வார். பயணிகளுள் சிலர் காலத்தாழ்வு கண்டு முணுமுணுக்கலாம். அவர்கள் காணாத வானத்தை அவர் கண்டுவிட்டார் என்பதை அவர்கள் அறியார்.

எழுத்தைக் கண்ணால் காண்பது எளிது. அதில் மறைந்த பொருளைக் கருத்தால் கண்டு, ஐயம் தோன்றியவிடத்து மீண்டும் கேட்டுத் தெளிந்து, தெளிந்தபடி நடப்பதே கற்றலின் பயன். ஓரடிக் குறிப்பை அவ்வாறு கற்றவர் கையில் தம்மை ஒப்படைத்துத்தான், நூற்றுக்கணக்கான மக்கள் வானில் கண்ணயர்ந்து செல்கின்றனர்.