விட்ட இடத்திலிருந்து...

ஹாஸ்டலில் கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். போன மாதம் ரூம்மேட் 700 எம்பி ஜிப் ஃபைலை 690 வரை இறக்கியிருந்தான். கரண்ட் வந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து! ஃபைலைக் கொடுத்த வெப் அப்ளிகேஷன் நான் எழுதியது. திட்டும் எனக்குத்தான்.

உட்கார்ந்து படித்தேன். 1997-இல் வந்த எச்டிடிபி 1.1-லேயே இதற்கு வழி இருக்கிறது மக்களே. எந்த பைட்டிலிருந்து வேண்டும் என்று 'ரேஞ்ச்' ஹெட்டரில் கேட்பார்கள். சர்வர் 206 என்று பதில் சொல்லி மீதியை மட்டும் அனுப்ப வேண்டும். என் கோடு அந்த ஹெட்டரைப் பார்க்கவே இல்லை. எப்போதும் 200, எப்போதும் முழு ஃபைல்!

திருத்தினேன். அடுத்த ஆப்பு: ரூம்மேட் பாதி இறக்கியிருந்தபோது நான் சர்வரில் ஃபைலை மாற்றிவிட்டேன். பழைய பாதியும் புதுப் பாதியும் ஒட்டிக்கொண்டு, ஜிப் திறக்கவே இல்லை. மறுபடி திட்டு.

இதற்கு மருந்து 'இடேக்'. ஃபைல் மாறினால் இதுவும் மாறும். இறக்கும் மென்பொருள் தன்னிடமுள்ள இடேகை 'இஃப்-ரேஞ்ச்' ஹெட்டரில் அனுப்பும். பொருந்தினால் 206, மீதி மட்டும். பொருந்தாவிட்டால் 200, முதலிலிருந்து.

விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் அது இன்னும் அதே ஃபைல்தானா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேற்று ராத்திரியும் கரண்ட் போனது. ரூம்மேட் நிம்மதியாகத் தூங்கிவிட்டான். நானும்தான் :)