நாலு கேள்வி

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பின்கட்டில், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சை மையம். பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வழி கேட்பவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "எக்ஸ்ரே ரூம் பக்கத்துல..." என்று இழுக்கிறார்கள். காவலாளிக்கு அது போதும், கையை மட்டும் நீட்டுகிறார்.

விசைத்தறியும் லாரியும் கோழிப்பண்ணையும் சோறு போடும் மேற்கு மாவட்டம். ஒன்பது மணிக்கே பெஞ்சு நிறைந்துவிட்டது. காக்கிச் சட்டை டிரைவர் ஒருவர், துப்பட்டாவால் கண்வரை மூடிய கல்லூரி வயதுப் பெண், மல்லிகைப்பூவும் கட்டைப்பையுமாக ஒரு பெரியம்மா. ஒரு கணவனும் மனைவியும் முன்பின் அறியாதவர்களைப் போல வேறு வேறு பெஞ்சில். பச்சை நிறச் சிகிச்சைப் புத்தகம் எல்லோரிடமும் உண்டு. ஆனால் துணிக்கடைக் கவருக்குள் இருக்கிறது.

முதலில் எடை மிஷின். அடுத்து ஆலோசகர் மேசை. அங்கே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. எச்ஐவி உள்ளவர் உடம்பில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று சலிக்கும் முதல் சல்லடை இதுதான். ஊசியும் இல்லை, கருவியும் இல்லை.

மேசைகள் இரண்டு. ஒன்றில் இருக்கும் இளைஞர் தலை நிமிர்வதே இல்லை. "இருமல் காய்ச்சல் ஏதாவது?" என்பார். "இல்லீங்க" வந்து சேருமுன்பே பேனா நாலு கட்டத்திலும் இறங்கியிருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வரிசை வாசல்வரை நிற்கிறது. இன்னொரு மேசையில் ஓர் அம்மா. பல வருஷமாக அதே நாற்காலி போலிருக்கிறது, வருகிறவர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பதுவரை தெரிகிறது. அவர் கேள்வியை அப்படியே கேட்பதில்லை. "ராத்திரி எந்திரிச்சு சட்டை மாத்துறீங்களா?" என்கிறார். சித்திரை வெயிலில் வேர்க்குதா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? பெண்களிடம், "ஜாக்கெட் தொளதொளன்னு ஆயிடுச்சா?" என்கிறார். சிரித்துக்கொண்டே உண்மை வந்துவிடுகிறது.

தறிக்காரர் ஒருவர் வந்து உட்காருகிறார். நாற்பது வயதிருக்கும், தலைமுடியில் பஞ்சு.

"இருமல் இருக்குதாண்ணா?"

"தறியில நிக்கிறனுங்க. பஞ்சுத் தூசிக்கு இருமாம இருக்குமுங்களா?"

"எத்தன நாளா?"

"அது எப்பவும் இருக்கறதுதானுங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைக்கிறார். கோப்பில் இருக்கும் வெள்ளை அட்டையைப் புரட்டிப் போன மாத எடையைப் பார்க்கிறார். இன்றைய எடையையும் பார்க்கிறார். இரண்டு கிலோ குறைவு. வேறொன்றும் பேசாமல் சளிப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதுகிறார். மற்றவர்களுக்கென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால்தான் சந்தேகம். இவர்களுக்கு நாள் கணக்கே கிடையாது, இன்றைக்கு இருமினாலும் கணக்கில் சேரும். சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் மட்டும் போதாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் நுரையீரல் குழிவிழுவது குறைவு, அதனால் சளியில் கிருமியும் கொஞ்சமாகவே இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை.

பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தால் இந்த மனிதர் நாலு "இல்லை"யோடு எழுந்து போயிருப்பார். அதோடு முடியாது. நாலுக்கும் இல்லை என்று பதிவானவருக்குத்தான் காசநோய்த் தடுப்பு மாத்திரை கிடைக்கும். தினம் ஒரு ஐசோநியாசிட் 300 மில்லிகிராம், கூடவே கால் எரிச்சல் வராமலிருக்க வைட்டமின் பி6, ஆறு மாதம். உறங்கும் கிருமிக்கு அந்த ஒற்றை மருந்து போதும். நோயாகக் கிளம்பிவிட்ட கிருமிக்கு அது போதாது, அந்த மருந்துக்கு மசியாமலிருக்கக் கற்றுக்கொள்ளும். பொய்யாக விழுந்த ஒரு டிக், நோயைத் தவறவிடுவதோடு மருந்தையும் கெடுத்துவிடுகிறது. இந்த அறையில் நான் பார்த்தவற்றுள் மிக ஆபத்தான பொருள் அந்தப் பேனாதான்.

பூ வைத்த பெரியம்மாவின் முறை. நாலுக்கும் இல்லை. எடையும் கூடியிருக்கிறது. மாத்திரை என்றதும் முகம் சுருங்குகிறது.

"ஏனம்மிணி, இல்லாத நோவுக்கு எதுக்கு மாத்திரை? இருக்கறத ஒளிச்சு வெச்சுத் திங்கறதுக்கே மருமக கண்ணுக்குத் தப்ப வேண்டியிருக்குது."

"நீங்க காட்டு வேலைக்குப் போறவங்கதானுங்கக்கா? கோரைக்கிழங்கு மண்ணுக்குள்ள கெடக்கறது மேல தெரியுமா? ஒரு மழை பேஞ்சதும் காடு பூரா கோரையாயிடும்."

பெரியம்மா யோசிக்கிறார். கிழங்கை அவருக்குத் தெரியும்.

கணக்கும் அதையே சொல்கிறது. இந்தியாவில் 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேரிடம் காசநோய்த் தொற்று இருப்பதாக 2019-21 தேசியக் கணக்கெடுப்பு கண்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது நோயாக மாறுவதே இல்லை. வாழ்நாள் முழுதும் சேர்த்து நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு மாறலாம். எச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்காதவருக்கோ கிட்டத்தட்ட அதே அபாயம் ஒரே வருஷத்தில். கூட்டு மருந்து அதைப் பெரிதும் குறைக்கும், முழுவதும் போக்காது. ஐவரி கோஸ்ட்டில் சுமார் 2,000 பேரிடம் நடந்த டெம்ப்ரானோ ஆய்வில், ஆறு மாதம் ஐசோநியாசிட் எடுத்தவர்களிடையே இறப்பு 37 சதவீதம் குறைந்திருந்தது. 2017இல் வெளியான முடிவு அது. நம் சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை, மதுரைப் பக்கம் 700க்கும் மேற்பட்டோரிடம் ஆறு மாதத் தடுப்பு மருந்தையும் மூன்று ஆண்டுத் தடுப்பு மருந்தையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டது. பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

படித்தவர் தோற்றமுள்ள ஒருவர் கேட்கிறார்: "ஊசி போட்டுப் பார்ப்பாங்களே மேடம், அது பார்த்துட்டுத் தரலாமே?" மான்டூ பரிசோதனையைச் சொல்கிறார். 1890இல் ராபர்ட் கோச் காசநோய்க்கு மருந்து என்று டியூபர்குலினைக் கொண்டுவந்தார், மருந்தாக அது தோற்றது. இந்தச் சோதனையாக மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. முன்கையில் போட்டு இரண்டு மூன்று நாளில் தடிப்பை அளக்க வேண்டும், எச்ஐவி உள்ளவர்களுக்கு 5 மில்லிமீட்டரே தொற்றுக்கு அடையாளம். அளப்பதற்காக மறுபடி பஸ் ஏற வேண்டும், இன்னொரு நாள் கூலி போகும். எதிர்ப்புச் சக்தி தரும் சிடி4 அணுக்கள் மிகவும் குறைந்தவருக்குத் தொற்று இருந்தும் தோல் தடிக்காது. யாருக்கு மருந்து அதிகம் தேவையோ அவரையே அது கைவிடும். ரத்தத்தில் பார்க்கும் இக்ரா சோதனைக்கு மறுபடி வர வேண்டியதில்லை, ஆனால் செலவும் ஆய்வகமும் வேண்டும். உறங்குகிறதா விழித்துவிட்டதா என்று பிரித்துச் சொல்ல இரண்டாலும் முடியாது. ஆகவேதான் எச்ஐவி உள்ளவர்களுக்கு இந்தச் சோதனைகளுக்காகக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரியான முடிவு என்றே தோன்றுகிறது. சோதனைக்குக் காத்திருந்து வராமல் போனவர்களுக்கு யார் பதில் சொல்வது?

காக்கிச் சட்டைக்காரரிடம் ஐந்தாவது கேள்வி. "தண்ணி?" என்று குரலைத் தாழ்த்துகிறார் ஆலோசகர். டிரைவர் கூரையைப் பார்க்கிறார். "எப்பவாச்சும்ங்க." ஐசோநியாசிட் கல்லீரலைத் தாக்கக்கூடியது, தினக்குடியோடு சேரக் கூடாது. முதலில் ரத்தச் சோதனை என்று முடிகிறது.

எச்ஐவிக்கும் காசநோய்க்கும் தமிழ்நாட்டில் பழைய தொடர்பு. 1986இல் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றைச் சென்னையில் கண்டறிந்தார்கள், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். 1928இல் காசநோய்க்கென்று தொடங்கிய தாம்பரம் சானடோரியம், பின்னாளில் எய்ட்ஸ் நோயாளிகள் வந்து குவிந்த இடமாயிற்று. மார்புச் சளியோடு வந்தவர்களுக்குத்தான் உள்ளே இன்னொன்றும் இருப்பது தெரிந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரமும் ஒன்று.

மதியம் தாண்டித் தறிக்காரரின் முடிவு வருகிறது. கிருமி இருக்கிறது. ஆலோசகர் கதவைச் சாத்தப் போய், பிறகு சாத்தாமலேயே பேசுகிறார். இந்த மையத்திலேயே காசநோய் மருந்தும் கிடைக்கும், அங்குமிங்கும் அலைய வேண்டாம். ரிஃபாம்பிசின் கூட்டு மருந்திலுள்ள டோலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைக்கும், அதனால் அந்த ஒரு மருந்து மட்டும் இனி இரண்டு வேளை. "வீட்டுல குழந்தைங்க இருக்குதுங்களா? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க." அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டுகிறார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்கிறார், நாளைக்குத் தறிக்குப் போகலாமா என்று.

கூட்டு மருந்து எடுக்கும் யாரேனும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கேள்வி அவசரமாக வந்தாலும் பதிலை அவசரமாகச் சொல்லாதீர்கள், பழகிப்போன இருமலையும் சேர்த்துச் சொல்லுங்கள். தடுப்பு மாத்திரை இதுவரை எடுத்ததில்லையென்றால் நீங்களே கேளுங்கள், அரசு மையங்களில் அதற்குக் காசு கிடையாது.